லாக் போட்ட தமிழ்

தொண்ணூறுகளின் பிற்பாதியில் நான் நந்தனத்தில் இருந்த ஓர் அரசு அலுவலகத்தில் தமிழ்த் தட்டச்சராக இருந்தேன். எங்கள் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கும், வேலையில் இருக்கும்போதே இறந்துபோனவர்களின் குடும்பத்துக்கும் ஓய்வூதியக் கருத்துரு தயாரித்து அனுப்புவது எங்கள் பிரிவின் வேலை. கணினி வந்ததும் பழைய தட்டச்சு இயந்திரங்களை ஏலத்தில் விட்டுவிட்டார்கள். மீன்பாடி வண்டியில் அவற்றை ஏற்றிக்கொண்டு போனதை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வருத்தமெல்லாம் இல்லை. தப்பாக அடித்தால் ரப்பர் வைத்துத் தேய்க்க வேண்டாம், நாலு கார்பன் வைத்து விரல் நோகக் குத்த வேண்டாம் என்றுதான் தோன்றியது.

தமிழில் அடிப்பதற்கென்று ஒரு கணினி. அது என் மேசைக்கு வந்தது. அதன் முதுகில், பிரிண்டர் ஒயர் சொருகும் இடத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு பொருளைச் சொருகியிருந்தார்கள். அதற்குப் பெயர் லாக். அது இருந்தால்தான் தமிழ் மென்பொருள் திறக்கும். திருட்டுத்தனமாக நகல் எடுத்து யாரும் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காகக் கம்பெனி செய்த ஏற்பாடு. கேட்டபோது நியாயமாகத்தான் பட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை கணினியைப் போட்டேன். லாக்கைக் காணோம் என்று திரையில் ஒரு வரி வந்தது. லாக் அங்கேயேதான் இருந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி சொருகினேன், புடவைத் தலைப்பால் தேய்த்தேன், ஊதிப் பார்த்தேன். அந்த வரி போகவில்லை. முந்தைய வருடம் முழுக்க நான் அடித்த கருத்துருக்கள் எல்லாம், இன்னும் அச்செடுக்காதவையும் சேர்த்து, உள்ளேதான் இருந்தன. வேறொரு மென்பொருளில் அவற்றைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கேள்விக்குறியுமாக ஏதோ வந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தமிழ் எழுத்துக்குத் தன் இஷ்டப்படி ஓர் எண் வைத்திருந்தது. ஒருவர் அடித்ததை இன்னொருவர் மென்பொருளில் படிக்க முடியாது.

இதில் எனக்கு வீட்டுச் சங்கடமும் ஒன்று இருந்தது. அந்த மென்பொருளை எங்கள் அலுவலகத்துக்கு விற்றது டி.நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்புறம் இருந்த ஒரு கணினிக் கடை. அதை விற்று ஒரு வருடம் கழித்து அதே கடையில் என் கணவர் விற்பனைப் பிரிவில் சேர்ந்திருந்தார். மென்பொருளைச் செய்த கம்பெனி வெளியூரில் இருந்தது. கடைக்காரர் அதற்கு ஏஜென்சி எடுத்திருந்தார், அவ்வளவுதான். கெட்டுப்போன லாக்கை என் கணவரே கையோடு வாங்கிக்கொண்டு போய்க் கம்பெனிக்கு அனுப்பினார். வாரங்கள் போயின. கடைசியில் அந்த வகை லாக் இப்போது தயாரிப்பில் இல்லை, புதிய பதிப்பை வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. புதிதாக வாங்க வேண்டுமென்றால் மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கோப்பு எங்கே நகர்கிறது, எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒன்றிரண்டு கருத்துருக்களைக் கையால் எழுதி அனுப்பினோம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கம் பக்கமாகக் கணக்கு உண்டு. எல்லாவற்றையும் திரும்பப் போட்டுச் சரிபார்த்து எழுத ஆள் இல்லை.

கே.கே. நகரிலிருந்து ஓர் அம்மா வருவார். அவர் கணவர் எங்கள் துறையில் இளநிலை உதவியாளராக இருந்து மாரடைப்பில் போய்விட்டவர். குடும்ப ஓய்வூதியத்துக்கான அவருடைய கருத்துரு என் கணினிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வந்து, என் மேசைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, மெசின் சரியாயிடுச்சாம்மா என்று மட்டும் கேட்பார். இல்லை என்று நான் சொன்னால், சரி என்று தலையாட்டிவிட்டு, கொஞ்ச நேரம் மின்விசிறிக் காற்றில் இருந்துவிட்டுப் போவார். அவர் வரும் நாட்களில் எனக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் அவருடன் அவர் மகனும் வந்தார். முப்பது வயது இருக்கும். அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் கணினிப் பொறியாளர். வரும்போதே கோபமாக வந்தார். என்ன மேடம், ஒரு பேப்பரை அடிச்சுக் குடுக்க இத்தனை மாசமா என்று ஆரம்பித்தவரை நான் எதிர்த்துப் பேசவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, நீங்களே பாருங்க என்று கணினியைக் காட்டினேன். அவர் உட்கார்ந்து நோண்டினார். குப்பை மாதிரி வந்த எழுத்துகளை மேலும் கீழுமாக ஓட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கோபம் மெல்ல வேறு மாதிரியாக மாறியது.

"உள்ள எல்லாம் பத்திரமா இருக்கு மேடம். எந்த எழுத்துக்கு எந்த நம்பர்னு மட்டும் நமக்குத் தெரியல. முன்னாடி அடிச்சு பிரிண்ட் எடுத்தது ஏதாவது இருக்கா?"

அலுவலகப் பிரதிகள் அலமாரி நிறைய இருந்தன. பிரிவு அலுவலரிடம் அனுமதி வாங்கி, இரண்டு சனிக்கிழமைகள் அவர் வந்தார். அச்சிட்ட பழைய பிரதியை நான் எழுத்து எழுத்தாகப் படிப்பேன். அவர் திரையில் அதே கோப்பில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். க எது, கா எது, கொம்பு எது, சுழி எது. 'ணை' என்பதற்கும் 'னை' என்பதற்கும் அந்தக் கம்பெனி தும்பிக்கை வைத்த பழைய எழுத்தையும் ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்துச் சிரித்தோம். பிறகு அவர் ஒரு சின்ன நிரல் எழுதினார். வெளிநாட்டில் இருக்கும் தமிழர் ஒருவர் தானே செய்து எல்லோருக்கும் சும்மா கொடுத்த எழுத்துருவுக்கு எங்கள் கோப்புகளை அது மாற்ற வேண்டும்.

முதல் தடவை ஓட்டியபோது மெய்யெழுத்துகளில் பாதிக்குப் புள்ளி இல்லை. திருத்தினார். மறுபடி ஓட்டினார். 'அனுப்புநர்' என்று திரையின் மேலே ஒரு சொல் வந்தது. கீழே என்னுடைய வரிகள், நான் விட்ட இடைவெளிகளோடு. என் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் பார்க்காத மாதிரி பிரிண்டரில் காகிதம் வைக்க எழுந்து போனார்.

அந்த அம்மாவின் கருத்துரு திங்கட்கிழமையே கையெழுத்தாகிப் போனது. அடுத்த மாதத்துக்குள் ஆணை வந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரே ஒருமுறைதான் வந்தார், ஒரு தூக்குச் சட்டியில் எங்கள் பிரிவு முழுவதுக்கும் சேமியா பாயசம் எடுத்துக்கொண்டு.

மகன் அந்த நிரலை ஒரு ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்தார். அதை எப்படி எழுதினார் என்பதும் அதிலேயே இருக்கிறது, யாருக்கு வேண்டுமானாலும் நகல் எடுத்துக் கொடுக்கலாம், தெரிந்தவர்கள் மாற்றியும் எழுதலாம், யாரையும் கேட்க வேண்டாம் என்றார். எனக்கு அது புதிதாக இருந்தது. அவரும் நண்பர்கள் சிலரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, கணினியின் அடிப்படை மென்பொருளையே அப்படித் திறந்த ஏற்பாட்டில் பயன்படுத்துவதாகச் சொன்னார். மக்கள் பணத்தில் வாங்கும் மென்பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று அரசாங்கத்துக்கே தெரியாமல் இருப்பது சரியா மேடம் என்று கேட்டார். நானோ, அந்த ஃபிளாப்பியைப் பீரோவில் வைத்துப் பூட்டவா, மேசை மேலேயே வைக்கவா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்தச் செய்தி எங்கள் ஊழியர் சங்கத் தலைவர் காதுக்குப் போனது. அவர் பதிவறை எழுத்தர், மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், அலுவலகத்தில் எல்லோருக்கும் அண்ணன். சாப்பாட்டு வேளையில் என் மேசைக்கு வந்தார்.

"இன்னாம்மா, ஒரு ஆபீஸ்ல ஒரு மெசினுக்கே இந்தக் கூத்து கீது. இதே ஐட்டத்தை எல்லா ஜில்லா ஆபீசுக்கும் வாங்கப் போறாங்கோ, தெரியுமா? ஃபைல் மேல போய்க்கினு கீது."

எனக்குத் தெரியும். முந்தைய வாரம்தான் என் கணவர் வீட்டுக்குள் நுழையும்போதே அதைச் சொல்லியிருந்தார். மாவட்டத்துக்கு மாவட்டம் லாக்கோடு விற்கப் போகிறார்கள், ஆர்டர் கிடைத்துவிட்டால் அவருக்குப் பதவி உயர்வு. மூன்றாவது படித்துக்கொண்டிருந்த எங்கள் பெண்ணைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். நான் அடுப்படியில் நின்று அதைப் பார்த்தேன், சந்தோஷமாக இருந்தேன், உடனே அந்த ஸ்டூலும் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் அப்படி ஒரு ஸ்டூல் போட வேண்டியிருக்கும்.

சங்கம் இதை எதிர்க்கப் போகிறது, நீதான் வந்து பேச வேண்டும், கையால் அடிக்கிறவள் நீதான் என்றார் தலைவர். அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டேன். மறைத்துவைக்க எனக்கு வராது. என் கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். 

"போகாதேன்னு சொல்ல மாட்டேன். நீ சொல்றதுல தப்பு இல்ல. ஆனா எங்க முதலாளியைப் பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாது. அவர் நல்ல மனுஷன்."

வராது என்றேன். அதன் பிறகு வீட்டில் நாங்கள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று ஆகிவிட்டது. சாம்பாரில் உப்பு, பெண்ணின் பரீட்சை, மோட்டாரில் தண்ணீர் ஏறுவது, இவற்றைப் பற்றி ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொண்டோம். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவே இல்லை.

தலைவர் எங்களை ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் கூட்டிப்போனார். தென்மாவட்டத்துக்காரர். டி.நகரில் அவர் குடும்பத்துக்கு ஒரு துணிக்கடை இருந்தது. கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் கடையின் மேல்மாடியில்தான் ஆட்களைப் பார்ப்பார். தலைவர், நான், அடையாறு பொறியாளர் மூவரும் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். பொறியாளர் திறந்த மூலநிரல் என்று ஆரம்பித்துப் பல நாட்டு விஷயங்களைச் சொன்னார். உறுப்பினர் பொறுமையாகக் கேட்டார், ஆனால் கண் வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்து, நீ சொல்லும்மா, என்னதான் நடந்துச்சு என்றார். நான் லாக்கையும் அந்த அம்மாவையும் பற்றிச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, நம்ம கடையில சட்டைத்துணி எடுத்தா நாங்க சொல்லுத தையக்காரன்கிட்டதான் தைக்கணும், கிழிஞ்சா ஒட்டுப்போடவும் அவன்தான் வரணும், அவன் கடையை மூடிட்டா நீ வெத்து உடம்போட நிக்கணும்னு சொல்லுத மாதிரியில்ல இருக்கு?"

அதேதான் என்றேன். பொறியாளர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த உறுப்பினர் சட்டமன்றத்தில் கேள்வி கேட்டார். தமிழில் அடித்த அரசுக் கோப்பைத் திறக்க ஒரு தனியார் கம்பெனியின் சாவி எதற்கு என்று கேட்டதாக ஒரு நாளிதழில் உள்பக்கத்தில் நாலு வரி வந்தது. அதே வாரம் மதிய இடைவேளையில் எங்கள் அலுவலக வாசலில் சங்கத்தின் வாயிற்கூட்டம் நடந்தது. அகவிலைப்படிக்கும் போனஸுக்கும் கோஷம் போட்டுப் பழகியவர்கள், லாக்கை எடு, தமிழுக்கு வழிவிடு என்று கை உயர்த்திக் கத்தினார்கள். பாதிப் பேருக்கு லாக் என்றால் என்னவென்று தெரியாது. கணக்குப் பிரிவில் ஒருவர் லாக்-அவுட்டுக்கு, அதாவது கதவடைப்புக்கு எதிரான போராட்டம் என்றே நினைத்திருந்தார். ஆனாலும் கூட்டம் நன்றாகச் சேர்ந்தது. பொறியாளரின் நண்பர்கள் அடையாறிலும் மந்தைவெளியிலும் கையெழுத்து வாங்கி முதலமைச்சர் அலுவலகத்துக்கு ஒரு மனு கொடுத்தார்கள்.

இத்தனையும் சேர்ந்ததில் துறைச் செயலாளர் இரண்டு தரப்பையும் கூப்பிட்டார். சங்கத்திலிருந்து தலைவரும் நானும், ஆலோசனை சொல்லப் பொறியாளர். கடையிலிருந்து முதலாளியும் அவருடன் மென்பொருளை இயக்கிக் காட்ட என் கணவரும்.

அன்று காலை என் கணவர்தான் ஸ்கூட்டரில் என்னைக் கூட்டிப்போனார். கடற்கரைச் சாலை வழியாக, தலைமைச் செயலகம் இருக்கும் கோட்டைக்குப் போனோம். இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றி, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, தண்ணி குடிச்சிட்டுப் போ என்று பாட்டிலை நீட்டினார்.  

துறைச் செயலாளர் ஐம்பது வயதை நெருங்கிய பெண்மணி. அதிகம் பேசாதவர். முதலில் என் கணவர் இயக்கிக் காட்டினார். அழகாகச் செய்தார். எழுத்துகள் நன்றாக இருந்தன, அதை நான் மறுக்கவே மாட்டேன். அடுத்து நான் பேசினேன். கடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் கணினியில் என்ன நின்றுபோனது, யார் யார் காத்திருந்தார்கள், இப்போது அது எப்படித் திறந்தது என்று மட்டும் சொன்னேன். பொறியாளர் அந்த ஃபிளாப்பியைப் போட்டு மாற்றிக் காட்டினார்.

செயலாளர் என் கணவர் பக்கம் திரும்பினார். ராமநாதபுரத்தில் ஒரு லாக் கெட்டுப்போனால் எத்தனை நாளில் மாற்றித் தருவீர்கள் என்று கேட்டார்.

முதலாளி வாயெடுப்பதற்குள் என் கணவர் சொல்லிவிட்டார்.

"மேடம், சென்னையிலயே என்னால உறுதி சொல்ல முடியல. நந்தனம் ஆபீஸ் லாக்கை நான்தான் அனுப்பினேன். வரவே இல்ல. வெளியூர்னா நிச்சயமாத் தெரியாது."

 முதலாளி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் கணவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

வரும்போது, எங்கள் வீடு இருந்த மந்தைவெளிக்குத் திரும்பாமல் ஸ்கூட்டரை நேராக விட்டார். பெசன்ட் நகர் கடற்கரையில், குப்பத்துப் படகுகள் நிற்கும் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். வெயில் நேரம், யாரும் இல்லை. வலை உலர்த்தியிருந்தார்கள். ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தோம். வேலை போய்விடும் என்று நான் சொன்னேன். போகட்டும் என்றார். பிறகு அவரே பேச ஆரம்பித்தார். எந்தெந்த அலுவலகத்திலிருந்து தினம் போன் வருகிறது, யார் திட்டுகிறார்கள், கம்பெனியில் என்ன பதில் சொல்கிறார்கள், அதை இவர் எப்படி மாற்றி நாளைக்கு வந்துவிடும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்றெல்லாம். ஒரு வருடமாக அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டை ஒதுக்கியது அல்சர் இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பேசி முடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மணலில் நீட்டினார். பசிக்குது, வா, ஏதாவது சாப்பிடலாம் என்றார். ஹோட்டலில் இரண்டு செட் பூரி தனியாகச் சாப்பிட்டார்.

வேலை இருக்குமா போகுமா என்று கடையில் இரண்டு மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை. என் கணவர் வழக்கம்போல் போனார், முதலாளி முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குள் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்துவிட்டது. எந்தத் தமிழ் மென்பொருள் வாங்கினாலும் லாக் இருக்கக் கூடாது, எழுத்துகளுக்குக் கொடுத்த எண்களின் அட்டவணையைத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும், அதில் அடித்ததைப் பிற மென்பொருளிலும் திறக்க முடிய வேண்டும், இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளையும் பரிசீலிக்கலாம் என்று இருந்தது. சங்கத் தலைவர் அதை நகல் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, ஒட்டின இடத்தைக் கையால் இரண்டு தடவை தட்டினார்.

அடையாறு பொறியாளருக்கு அது போதவில்லை. கணினியின் அடிப்படை மென்பொருள் பழையதேதான், மூலநிரலைக் கேட்கவே இல்லை, பரிசீலிக்கலாம் என்றால் பரிசீலிக்க மாட்டார்கள் என்று அர்த்தம் மேடம் என்று போனில் குறைப்பட்டார். இன்னும் தொடர்ந்து அழுத்தம் கொடுக்க வேண்டும் என்றார். அவர் சொன்னது சரிதான். அவரும் நண்பர்களும் பிறகும் விடாமல் மனுக்கொடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் எனக்கு அன்றைக்கு அந்தக் குறை ஏறவில்லை. எங்கள் பிரிவில் இனி யாரும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டாம் என்பதே எனக்கு நிறைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை முதலாளியே வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். என் கணவரைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

ஏஜென்சியை விட்டுவிட்டேன் என்றார். அந்தக் கம்பெனிக்காரனோடு மல்லுக்கட்டி அவருக்கும் அலுத்துவிட்டதாம். கெட்டுப்போன லாக்குகளைக் கூரியரில் அனுப்புவதே ஒரு வேலையாகிவிட்டது, சொல்லத்தான் தைரியம் வரவில்லை என்றார். அரசு அலுவலகங்களுக்கு எப்படியும் இயந்திரம் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும், ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். அதைச் செய்வோம் என்றார். என் கணவர் தலையை ஆட்டினார். பதவி உயர்வைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. கிளம்பும்போது முதலாளி என் பக்கம் திரும்பி, என்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசலியேம்மா என்றார். நான், இன்னொரு காப்பி குடிக்கிறீங்களா என்று கேட்டேன்.

அவர் போன பிறகு என் கணவர் மார்க்கெட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கி வந்தார். நான் குழம்பு வைத்தேன். மூவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் மூன்றாவது முறை சோறு கேட்டபோது எங்கள் பெண் தன் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டாள். சாப்பிட்டு முடித்துக் கொஞ்சம் தலை சாய்க்கலாம் என்று பாயை விரித்தேன். எழுந்தபோது வெளியே விளக்கு போட்டிருந்தார்கள். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. பக்கத்து அறையில் அப்பாவும் பெண்ணும் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள், நான் முழித்துவிடக் கூடாதென்று காய்களைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு.